சுயுஞ்சு கேட்டு ஓடியவள்

உஸ்கேன் ஊரில் ஜூராகானுக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டையிட முடியாது. தெரிந்துவிட்டால், அது இட்டு முடிப்பதற்குள் ஊரெல்லாம் சொல்லிச் சுயுஞ்சு வாங்கிவிடுவாள். நல்ல சேதியோடு ஓடிவந்து "சுயுஞ்சு" என்று கை நீட்டுகிறவளை வெறுங்கையோடு அனுப்புவது யாருக்கும் அழகில்லை. கையில் இருப்பதோ தலையில் இருப்பதோ, எதையாவது கொடுத்தே ஆகவேண்டும். ஜூராகானின் உடுப்பில் பாதி அப்படி வந்ததுதான்.

அப்பேர்ப்பட்டவளின் கண்ணில்தான் பக்கத்து வீட்டுத் துர்சுனாய் அன்று காலை சாவியும் கையுமாக மாட்டினாள்.

துர்சுனாய் பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். அவள் சம்சா சுடுகிறாள் என்றால் கூப்பிடாத கல்யாணத்துக்கும் ஆள் வரும். ஆட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்து மடித்த மாவின் அடியில் தண்ணீர் தடவி, கனன்றுகொண்டிருக்கும் தந்தூரின் உட்சுவரில் பட்டென்று ஒட்டவேண்டும். கை தயங்கினால் பொத்தென்று நெருப்பில் விழும். வீட்டு முற்றத்தில் அவள் கையிலிருந்து ஒன்றுகூட விழுந்ததில்லை. அந்தத் தெம்பில்தான் சந்தை வாசலில் தந்தூரோடு ஒரு கடை காலியானதும் வேலையை விட்டுவிட்டு அதைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் பயம் வந்தது. சந்தையில் தந்தூர் முன்னால் நின்று சுடுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அத்தனை பேர் பார்க்கும்போது கை தயங்கிச் சம்சா விழுந்தால் என்ன ஆவது? இந்த நினைப்பிலேயே கடை பூட்டிக் கிடந்தது. இன்று சாவியை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கரண்டியையே மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்வது என்று கிளம்பியிருந்தாள்.

"கடைச் சாவியா? இன்னைக்கா?" என்றாள் ஜூராகான், வேலிக்கு மேலே தலையை நீட்டி.

துர்சுனாய் எச்சிலை விழுங்கினாள். அப்போது தலை லேசாக ஆடியிருக்க வேண்டும். ஜூராகானுக்கு அது போதும். ஒரு செருப்பு வேலியோரம் கிடக்க, மறு செருப்போடு தெருக்கோடியைத் தாண்டிவிட்டாள்.

துர்சுனாய் சந்தையை எட்டுவதற்குள் சேதி அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. கசாப்புக்கடை ராயிம்பெர்தி, சுயுஞ்சாக ஆட்டுவால் கொழுப்பு கொடுத்தேன், சம்சா எங்கே என்று கேட்டான். பழக்கடைக்காரன் முலாம்பழம் கொடுத்திருந்தான். ரொட்டிக்காரி சொன்னதைக் கேட்டதும்தான் துர்சுனாய் திடுக்கிட்டாள். துர்சுனாயின் மாமியார் கானிம்பூபு, தலையில் இருந்த பட்டுத் துணியையே அவிழ்த்துக் கொடுத்துவிட்டாளாம். பெருநாளுக்கு மட்டும் கட்டுகிற துணி அது. புதுவிதமாக மடித்துப் பார்க்க அன்று காலைதான் எடுத்துக் கட்டியிருந்தாள். வாய்விட்டு ஒருவரையும் மெச்சாத கானிம்பூபுவா!

துர்சுனாய் ஓடிப்போய் ஜூராகானைப் பிடித்தாள். பட்டுத் துணி அவள் தலையில் பளபளத்தது.

"அக்கா, நான் சாவியைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்."

ஜூராகானின் முகம் செத்துப்போனது. இல்லாத சேதிக்குச் சுயுஞ்சு வாங்கியவள் என்று பெயர் வந்தால் அப்புறம் எந்த வீட்டு வாசலை மிதிப்பாள்?

"அடிப்பாவி, கொழுப்பு அடுப்புல உருகிட்டிருக்கு. பழத்தை அறுத்தாச்சு. நான் எங்க போய்த் திருப்பிக் குடுப்பேன்?"

"துணியையாவது குடுங்களேன்."

"இதை அவிழ்க்கும்போது உன் மாமியா என்ன சொன்னா தெரியுமா? இவ்வளவு நாளா அவ என்ன தூங்கிட்டிருந்தாளான்னு கேட்டா. வேணும்னா நீயே கொண்டுபோய்க் குடு. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது."

துர்சுனாய்க்கும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் துர்சுனாய்தான் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் நடுச்சந்தையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது சாவி பூட்டுக்குள் இருந்தது.

மாவு பிசைந்து தந்தூர் கனல்வதற்குள் சுயுஞ்சு கொடுத்த சந்தைக்காரர்கள் எல்லாரும் உரிமையோடு கடை முன்னால் கூடிவிட்டார்கள். ஜூராகான் மட்டும் இல்லை. அவளுக்கு இன்னும் சில தெருக்கள் பாக்கி இருந்தன. துர்சுனாய் முதல் சம்சாவைத் தடவி உள்ளே கையை விட்டாள். சுவரைத் தொட ஒரு கணம் தயங்கினாள். பொத்தென்று விழுந்தது.

இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சத்தம் இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நெருப்புக்கு ஒண்ணு போட்டாச்சு. அடுத்தது எனக்கு," என்றான் ராயிம்பெர்தி.

அடுத்தது ஒட்டியது. அதற்கடுத்ததும் ஒட்டியது. பிறகு கை யாரையும் கேட்கவில்லை. பட், பட், பட்டென்று சுவர் முழுக்க ஒட்டி, பொன்னிறமாகி, கொழுப்பு ஒழுக ஒழுகச் சம்சாக்கள் வெளியே வந்தன. நாக்கைச் சுட்டுக்கொண்டும் திட்டிக்கொண்டும் இன்னொன்று கேட்டார்கள். மதியத் தொழுகைக்கு முன்பே தட்டு காலி.

துர்சுனாய் கடையைப் பூட்டினாள். மாவுக் கையோடு, சிறுபிள்ளை மாதிரி வீடுவரை ஓடினாள். வேலியோரம் ஜூராகான் காலையில் விட்டுப்போன செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சுயுஞ்சு, அக்கா," என்று துர்சுனாய் மூச்சு வாங்கக் கை நீட்டினாள். "அத்தனையும் வித்துப்போச்சு. நாளைக்கும் திறக்கிறேன்."

ஜூராகான் அப்படியே நின்றாள். பிறந்த நாளிலிருந்து அவளை முந்திக்கொண்டு யாரும் சேதி சொன்னதில்லை; அதனால் அவள் ஒருவருக்கும் சுயுஞ்சு கொடுத்ததும் இல்லை. அக்கம்பக்கம் பார்த்தாள். தப்பிக்க வழி இல்லை. பட்டுத் துணியை மனசில்லாமல் அவிழ்த்து, துர்சுனாய் தலையில் தானே கட்டிவிட்டாள்.

வீட்டுக்குள் கானிம்பூபு மருமகளின் தலையை வெகுநேரம் பார்த்தாள். துணியைத் திருப்பிக் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணாவது எடுத்து வச்சியா, இல்ல எல்லாத்தையும் வித்துட்டியா?" என்றாள்.