பெருக்கல் குறி

என் அத்தானுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இனிமேல்தான் உலகத்தில் உண்டாக வேண்டும். குடிநீர் வாரிய அலுவலகத்தில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிற வேலை அவருக்கு. குத்துகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் போனில் படித்தே வைத்தியர், வக்கீல், வானிலை நிபுணர் எல்லாம் ஆகிவிட்டார். நான் பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவள். ஜன்னல் கண்ணாடி எப்படி உடையும் என்று எனக்கே அவர் வகுப்பெடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் புயல் கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாளே என் வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்து முடித்துவிட்டு, அளவு நாடாவோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கடலைப் பார்த்த பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள். ஒன்று படுக்கையறையில், இன்னொன்று அத்தான் 'ஆபீஸ் ரூம்' என்று சொல்லிக்கொள்ளும், ஒரு மேஜை மட்டும் கிடக்கிற அறையில். அத்தான் நாற்காலி மேல் ஏறி நின்று, கண்ணாடியில் பழுப்பு டேப்பை மூலைக்கு மூலை குறுக்காக ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு பெரிய பெருக்கல் குறி.

"அத்தான், டேப் கண்ணாடியைக் காப்பாத்தாது. உடையறப்ப துண்டு பெருசு பெருசா வரும், அவ்வளவுதான். வெளியில பலகை அடிச்சாத்தான் தாங்கும்."

"நீ அறுக்கிறவம்மா. நான் படிச்சவன். கண்ணாடியோட அதிர்வை டேப் வாங்கிக்கும். பலகை அடிக்கணும்னா சுவத்துல ஓட்டை போடணும். பெயிண்ட் அடிச்சு ஆறு மாசம்கூட ஆகலை."

அக்காவைப் பார்த்தேன். அவள் கத்தரிக்கோலால் டேப்பை அளவாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக இதே வேலைதான். அவர் சொல்வதற்கெல்லாம் அளவாக எதையாவது வெட்டிக் கொடுப்பது. எனக்கு அவர் மேல் வந்த எரிச்சலைவிட அவள் மேல்தான் அதிகமாக வந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். குரல் அடங்கியிருந்தது. "பக்கத்து டெய்லர் வீட்டுக் கூரைத் தகடு இப்பவே ஆடுதுடி. ட்ரில் எடுத்துக்கிட்டு வர்றியா?"

"பலகைக்கு எங்க போறது? கடையில ஒண்ணுகூட மிச்சமில்ல."

"அதை நான் பாத்துக்கறேன். நீ வா."

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் கட்டிலில் சாய்ந்துகொண்டு புயலின் பாதையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, எந்திரிங்க."

"எதுக்கு?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க."

அவர் எழுந்ததும் மெத்தையைச் சுருட்டித் தரையில் போட்டாள். மெத்தைக்கு அடியில், கட்டிலின் தளமாகப் போட்டிருந்த இரண்டு நல்ல ப்ளைவுட் பலகைகள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வெளியே கொண்டுபோனோம். காற்று எங்களையும் பலகையையும் சேர்த்தே தூக்கப் பார்த்தது. நான் துளை போட, அக்கா தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள். அரை மணி நேரத்தில் இரண்டு பலகையும் சேர்ந்து படுக்கையறை ஜன்னலை மட்டும் மூடின. சுவரில் பதினாறு ஓட்டை. உள்ளேயிருந்து அத்தான் ஒவ்வொன்றுக்கும் "ஐயோ" என்றார்.

ஆபீஸ் ரூமுக்குப் பலகை இல்லை. "அதுக்குத் தேவையும் இல்லை, டேப் வேலை செய்யறதை நான் படம் பிடிச்சே காட்டறேன்" என்று போனோடு அந்த அறைக்குள் போனார்.

பதினொன்றரைக்குக் காற்று ஊளையிட ஆரம்பித்தது. எதுவோ வந்து மோதிய சத்தம். தொடர்ந்து "அம்மா" என்று அத்தானின் அலறல். கதவைத் திறந்துகொண்டு நனைந்த கோழி மாதிரி ஓடிவந்தார். முழங்கையில் ஒரு நீளமான கீறல், ரத்தம். அவருக்குப் பின்னால் தரையெல்லாம் கண்ணாடி. டேப் ஒட்டியது ஒட்டியபடியே இருக்க, அரிவாள் அரிவாளாகப் பெரிய துண்டுகள். இரண்டு அடி முன்னால் நின்றிருந்தால் கழுத்தில் இறங்கியிருக்கும்.

அந்த அறைக் கதவைப் பீரோ வைத்து அடைத்துவிட்டு மூவரும் படுக்கையறையில் தரை மெத்தையில் உட்கார்ந்தோம். அக்கா அவர் கையைத் துணியால் சுற்றிக் கட்டினாள். பலகை மேல் என்னென்னவோ வந்து அடித்தன. பலகை அசையவில்லை. கால் மணி நேரத்தில் அத்தானுக்கு உயிர் திரும்பிவிட்டது.

"பாத்தியா, நல்லா தாங்குது. கட்டில் வாங்கறப்பவே தடிமனா இருக்கற பலகையா கேட்டு வாங்கினது நான்தான்."

அக்கா முடிச்சை இறுக்கினாள். "வாயை மூடுங்க" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. காற்று ஓயும்வரை அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் நான் அனுபவித்த முதல் நிம்மதி அது, வெளியே புயல் அடித்துக்கொண்டிருந்தாலும்.

நான்கு நாள் கழித்துக் கடை திறந்தோம். தெருவே வரிசையில் நின்றது. அத்தானும் நின்றார். டேப் மட்டும் இல்லையென்றால் தன் கையே போயிருக்கும் என்று முன்னால் நின்ற டெய்லரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். முறை வந்ததும் ஆபீஸ் ரூம் ஜன்னலின் அளவு எழுதிய சீட்டை என்னிடம் நீட்டினார். பார்த்ததுமே தெரிந்தது. கண்ணாடியின் விளிம்பு உள்ளே உட்காருகிற சட்டத்தின் பள்ளத்தைக் கணக்கில் சேர்க்காமல், வெளியே தெரிகிற இடத்தை மட்டும் அளந்திருந்தார். அந்தக் கண்ணாடி சட்டத்தில் நிற்காது, விழுந்துவிடும்.

"அளவு சரியாத்தான் எடுத்தீங்களா அத்தான்?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

அவர் சொன்ன அளவுக்கே அறுத்துக் கொடுத்தேன். ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை.