உடைந்த முனை

எங்கள் தையல் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துபோன வருஷம் அது. இரண்டு லைனில் ஒன்றை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு யுகாதிக்கு முன்பே ராமநகரம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் லைனுக்குச் சூப்பர்வைசரும் இல்லை. பழைய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூர் போய்விட்டார்.

ஒருநாள் காலை இன்சார்ஜ் உமாபதி எங்களை நிற்கவைத்துச் சொன்னார்: "யார் தப்பு பண்றாங்கன்னு பாத்துச் சொல்ல எனக்கு ஆள் வேணும். சொல்றவங்களுக்குத்தான் சூப்பர்வைசர் வேலை."

அன்றிலிருந்து லைனில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. பக்கத்தில் இருப்பவள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் பத்துக் கண்கள் அவள் பின்னால் போயின.

அந்த வேலைக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். ஒருத்தி மாதேவி. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் ஒற்றை அறை வீட்டில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவள். இன்னொருத்தி வனஜாட்சி. கை வேகமென்றால் அப்படியொரு வேகம், வாயும் அதே வேகம். இருவருக்கும் நடுவில் என் மெஷின். நான் ஓசூரிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். எனக்கு எந்த நாற்காலியும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரம் மாதேவி தைத்து அடுக்கிய துணிக்கட்டுக்குள் கோணல் காலர்கள் வந்தன. உமாபதி அவற்றை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காந்து ராகி முத்தே கிண்டு" என்றார். அவை வனஜாட்சி தைத்தவை. எனக்குத் தெரியும், மாதேவிக்கும் தெரியும். மாதேவி அவளிடம் போய், "வனஜா, உன் துணி என் கட்டுல கலந்திருச்சு. இனிமே தனியா வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏன் அக்கா சும்மா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"அவளோட சண்டை போட்டா எனக்குக் காலர் நேரா வருமா?" என்றாள்.

சாப்பாட்டு இடைவேளையில் சித்திரான்னத்தை நாலு வாயில் விழுங்கிவிட்டு, காலியாய்க் கிடக்கும் மெஷின்களில் உட்கார்ந்து கழிவுத் துணியில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்க, பாக்கெட் வைக்கப் பழகினாள். "வேலை தரப்போறவரு ஜன்னல்ல நின்னு பாக்கறாரா?" என்று வனஜாட்சி கேலி செய்வாள். மாதேவி தலை நிமிர மாட்டாள்.

அந்த வியாழக்கிழமை குழந்தைச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் லாரி ஏற வேண்டிய சரக்கு. வனஜாட்சியின் மெஷினில் 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி உடைந்தால் கை தூக்க வேண்டும், வேலை நிற்க வேண்டும், எல்லாத் துண்டும் கிடைத்த பிறகுதான் புது ஊசி. அவள் கை தூக்கவில்லை. ரவிக்கையில் செருகியிருந்த ஊசியை எடுத்து மாட்டிக்கொண்டு மிதித்தாள். உடைந்ததில் அடிப்பாகம் அவள் காலடியில் கிடந்தது. முனையைக் காணோம்.

மாதேவி என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். "வனஜா, முனை எங்கடி?"

"என்ன முனை? உன் வேலையப் பாரு."

"குழந்தை போடற துணிடி. நீயே கை தூக்கு. நான் கூடத் தேடறேன்."

"பேக்கிங்ல இரும்பு கண்டுபிடிக்கற மெஷின் புடிச்சிரும்."

"அது முந்தாநாளே ரிப்பேர்."

வனஜாட்சியின் முகம் வெளுத்தது. ஆனாலும் சொன்னாள்: "போ, போய்ச் சொல்லு. இதுக்குத்தானே காத்திருந்த? நாற்காலி உனக்குத்தான்."

அவள் தைத்த துணிக்கட்டைத் தள்ளுவண்டிக்காரன் எடுத்துக்கொண்டு கிளம்பினான். மாதேவி எழுந்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"லைன நிறுத்துங்க! ஊசி முனை ஒண்ணு காணோம். அந்த வண்டி போகக்கூடாது!"

மெஷின்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. உமாபதி ஓடிவந்தார். "யாரோட ஊசி?"

"தேடிரலாம் சார். கட்டு இங்கதான் இருக்கு."

"பேர் சொல்லு."

"முனை கிடைக்கட்டும் சார்."

"பேர் சொன்னா இன்னிக்கே நீ சூப்பர்வைசர். சொல்லலன்னா உன் மெஷின்தான் உடைச்சதுன்னு எழுதி வெளிய அனுப்புவேன். லாரி நிக்குது, தெரியுமில்ல?"

அந்த நேரம் மாதேவிக்குத் தன் பிள்ளைகள் ஞாபகம் வந்திருக்கும். எனக்கே வந்தது. அவள் வண்டியிலிருந்த துணிக்கட்டைத் தரையில் இறக்கி, முழங்காலிட்டு, ஒவ்வொரு சட்டையாய்த் தடவ ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். பக்கத்து லைன்காரிகளும் வந்தார்கள். ஒருத்தி காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவினாள்.

வனஜாட்சி மட்டும் கல்லாய் உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்காலி கிறீச்சிட எழுந்தாள்.

"என் மெஷின் சார். நான்தான் மறைச்சேன். மாதேவக்கா கேட்டாங்க, அப்பவும் மறைச்சேன்."

அவளும் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்து தடவினாள். ஒரு சின்னச் சட்டையின் அக்குள் மடிப்பில் அவள் விரல் சட்டென்று நின்றது. ரத்தம் துளிர்த்தது. முனை கிடைத்துவிட்டது. அதைப் பிடித்தபடி அவள் ஓவென்று அழுதாள்.

வனஜாட்சிக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். சூப்பர்வைசர் வேலையை உமாபதி மாதேவிக்குத் தரவில்லை. "பேர் சொல்லத் தெரியாதவ ஆளுங்கள வேலை வாங்குவாளா?" என்று அடுத்த லைன்காரி ஒருத்திக்குக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் மாதேவி ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வலித்திருக்கும். வலிக்காமல் இருக்குமா?

மழைக்காலத்தில் மாதிரித் துணி தைக்கும் அறைக்கு ஆள் தேடினார்கள். முழுச் சட்டையை ஒருத்தியே தைக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோருக்கு ஒரு கையோ ஒரு காலரோதான் தைக்கத் தெரியும். மாதேவி ஒரு முழுச் சட்டையைத் தைத்து மேஜையில் வைத்தாள். அந்த அறையின் மாஸ்டர் அதை உள்புறம் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், தையலை இழுத்துப் பார்த்தார்.

"எங்கம்மா கத்துக்கிட்ட?"

"இங்கதான் சார், சாப்பாட்டு நேரத்துல."

"நாளைலேருந்து இந்த ரூம்."

புது வேலையில் மாதேவி சேர்ந்த வாரமே, ஒரு சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமலே வனஜாட்சி அந்த அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா... கை வைக்கறது எனக்குச் சரியா வரமாட்டேங்குது."

மாதேவி பக்கத்து ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள். "உக்காரு. மொதல்ல சாப்பிடு."