சத்தம் வெளியே போகாத அறை

குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிற அறையில் நான் நர்ஸ். பிள்ளை அசையாமல் தூங்கினால்தான் சோதிக்க முடியும். தூங்க மருந்து கொடுப்பதும், முழிக்கும்வரை மூச்சைக் கவனிப்பதும் என் வேலை. சுவரெல்லாம் பஞ்சு, கதவு ஒரு சாண் கனம். உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே கேட்காது என்று கேலி பேசுவோம். இப்போது பேசுவதில்லை.

அன்று வந்தது ஒரு புருஷன், பெண்டாட்டி, இன்னும் பேச்சு வராத மூன்று வயதுப் பையன்.

"வீட்ல வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

அவளைத்தான் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணும் குடுக்கல. சீக்கிரம் ஊத்துங்க, எனக்கு வேலை கெடக்கு."

இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன்னையா கேட்டேன்?

பையன் துவண்டு கிடந்தான். ராத்திரி தூங்கவிடாமல் கூட்டி வரச் சொல்வோம், அந்தக் களைப்பு என்று நினைத்தேன். கட்டிலில் கிடத்தி, கால் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் மெஷினின் கிளிப்பை மாட்டி, உள்ளங்காலைக் கிள்ளினேன். முகம்கூடச் சுளிக்கவில்லை. குனிந்து பார்த்தால் வாயில் இருமல் மருந்து வாசம். அதற்கு மேல் என் மருந்தும் போனால் மூச்சு நின்றுவிடும். கையிலிருந்த தூக்க மருந்தைத் தொட்டியில் கொட்டினேன்.

"இருமல் மருந்து எவ்வளவு குடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க!"

கன்னத்தில் ஒன்று விழுந்தது. காது ஙொய்யென்றது.

"காலையிலேர்ந்து நாயா காத்துக் கெடக்கேன், கொட்டிட்டியாடி?"

அடுத்த குத்தில் உதடு கிழிந்தது. அப்போது மெஷின் அலறியது. பையனின் உதடு நீலம் பாரித்திருந்தது. "வாய மூடு!" என்று மெஷினையே அதட்டி, வயரைப் பிடுங்கி எறிந்தான் அந்த மடையன். நான் பையனின் தாடையைத் தூக்கிப் பிடிக்கப் பாய்ந்தேன். என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, சுவரில் மோதினான். கத்தினேன். பஞ்சுச் சுவர் அத்தனையையும் விழுங்கிக்கொண்டது.

அவள் மூலையில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நின்ற விதத்திலேயே தெரிந்தது, இதெல்லாம் அவளுக்குப் புதுசில்லை.

"புள்ள மூச்சு விடலம்மா!" என்றேன்.

ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும் இரும்புச் சாவி ஸ்டூலில் கிடந்தது. எடுத்தாள். ஓங்கி அவன் மண்டையில் ஒன்று போட்டாள். என் முடியை விடவில்லை என்றதும் மணிக்கட்டில் இன்னொன்று. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பிடியை விட்டுத் தரையில் சரிந்தான். எனக்குப் பாவமாகவே இல்லை.

தவழ்ந்து போய்ப் பையனின் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, அதில் மாட்டிய காற்றுப் பையைப் பிசைந்தேன். நெஞ்சு ஏறியது, இறங்கியது. என் உதட்டு ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது. அவள் அந்தக் கதவை இழுத்துத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

டாக்டர் ஓடிவந்தார். "என்ன குடுத்தீங்க? எவ்வளவு?"

தரையில் கிடந்தவன் வழக்கம்போல முந்திக்கொண்டான். "ஒண்ணும் குடு..."

"வாயத் தொறந்த, இன்னொண்ணு போடுவேன்."

சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அழுகைய நிறுத்துன்னு சொல்லி அரை பாட்டில் ஊத்தினான் சார். நான்தான் புள்ள கையப் புடிச்சுக்கிட்டேன். புடிக்கலைன்னா எனக்கு விழும்."

மாஸ்க்குக்குள் பையன் இருமினான். அப்புறம் அழ ஆரம்பித்தான். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.