வாகையை மேலே அனுப்பிய நாள்

எங்கள் ஊரில் வெட்டிய மரம் மேலே விழும். காய்ந்த கட்டைக்கு அந்தக் குணம் கிடையாது, பச்சை மரத்துக்குத்தான். அதனால் ஒருவர் அறுப்பார், ஒருவர் கயிறு பிடிப்பார். அறுப்பது சென்னியப்பண்ணன். பிடிப்பது நான், மயிலாத்தாள். அறுப்பவர் பேர்தான் ஊரில் அடிபடும். ஆனால் வேலை முழுக்கக் கயிற்றில் இருக்கிறது, அதை யாரிடம் சொல்ல.

பங்குனியில் ஒரு பலா மரத்தைக் கோட்டை விட்டேன். கயிற்றைப் பக்கத்துத் தென்னையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன். அந்தத் தென்னையைக் காலையிலேயே வேறு ஆட்கள் அறுத்து, ஒரு கம்பியில் கட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். பலாவும் தென்னையும் ஜோடியாகக் கிளம்பின. போகிற போக்கில் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் கொண்டு போயின. அதோடு எங்களை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசியில் தேவகி டீச்சர் கூப்பிட்டார். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததுதான் காரணம். அவர் வீட்டு மாடியை, வாகை மரத்தின் பெரிய கிளைக்கு மேலே நீட்டிக் கட்டியிருந்தார்கள். சாக்கடைக் குழாய்க்குத் தோண்டியவர்கள் பாதி வேரை அறுத்துவிட்டார்கள். நாளைக்குள் மரம் தானாகக் கிளம்பிவிடும். கிளம்பினால் மாடியும் கூடப் போகும்.

“மாடி தங்குமா அம்மிணி? பாரமா இருக்கட்டும்னு பீரோவை மேல ஏத்தியிருக்கறேன்” என்றார் டீச்சர்.

“தங்குமுங்க. இந்தத் தடவை விட மாட்டனுங்க.”

இதற்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்று மரத்தைக் கீழே இழுத்து நிறுத்த. இன்னொன்று அதைப் பக்கவாட்டில் இழுத்து, மாடிக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவர. வெளியே வந்த பிறகுதான் மேலே விட வேண்டும், அதுவும் முழம் முழமாக.

முதல் கயிற்றைக் கட்டக் கனமாக ஏதாவது வேண்டும். இனி எந்த மரத்தையும் நான் நம்புவதாக இல்லை. எதிர் மண்டபத்தில் கல்யாணம். இரண்டாம் பந்தி முடிந்து ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். போய்க் கேட்டேன். நாற்பது பேர் எழுந்து வந்தார்கள். பாயசம் இரண்டு தடவை வாங்கியவர்களை முன்வரிசையில் நிறுத்தினேன். இன்னும் சாப்பிடாதவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவது கயிற்றைச் சமையல்காரர்கள் எட்டுப் பேர் வாங்கிக்கொண்டார்கள்.

சென்னியப்பண்ணன் அடிமரத்தை அறுத்து முடித்தார். கயிறு விறைத்தது. முன்னால் நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பா தரையை விட்டு ஒரு சாண் எழும்பினார்.

“எல்லாரும் உக்காருங்க” என்றேன்.

அத்தனை பேரும் தெருவில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா இறங்கினார். மரம் நின்றது.

சமையல்காரர்கள் இழுக்க, வாகை மாடிக்கு அடியிலிருந்து மெதுவாக நகர்ந்து வெளியே வந்தது. டீச்சர் மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். நான் “முழம்” என்றேன். ஒரு முழம் விட்டார்கள். “முழம்” என்றேன். கடைசி முழம் வந்ததும் “விடுங்க” என்றேன்.

வாகை ஒரு கிளைகூட முறியாமல் வானத்துக்குள் போயிற்று. மாடி அப்படியே இருந்தது. மண்டபத்து மேளக்காரர்கள் வாசலுக்கு வந்து கெட்டிமேளம் கொட்டினார்கள். டீச்சர் அழுதார். நானும் அழுதேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கை கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

“மயிலாத்தாளுங்களா? மேல இருந்து பேசறனுங்க. வாகை வந்து சேந்துருச்சு. ஒரு கீறல் இல்லீங்க. இத்தனை வருசத்துல ஒரு மரம் இப்படி வந்ததில்லை. இங்க ஒரு மரம் இருக்குதுங்க, வெட்டுனா அது கீழ விழுகும். அதைத் தொடறக்கு ஆரும் வர மாட்டேங்கறாங்க. நீங்கதான் வரோணும்.”

“வர்றனுங்க” என்றேன்.

தெற்கு வீதியில் நாளைக் காலை ஒரு புங்கமரம் கிளம்புகிறது. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் கயிற்று மூட்டைக்கும் இடம் சொல்லி வைத்தேன்.