பொட்டோடு வந்தவள்

ஞானஸ்நானம் எடுத்த பிறகு தாயம்மா போன முதல் வகுப்பு அது. மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சிறிய சபையில், புது விசுவாசிகளுக்குப் பாடம் எடுக்கும் கிரேஸ் அக்கா அவளிடம் ஒரு டிஷ்யூ பேப்பரை நீட்டினாள்.

"பொட்ட அழிச்சிடு தாயம்மா. பூவையும் எடுத்துடு. இன்னும் பச்சக் குழந்தையாவே இருந்தா எப்படி? விசுவாசத்துல வளர வேணாமா?"

தாயம்மாவுக்குச் சுருக்கென்றது. வெளியே ஆட்டோவில் அவள் புருஷன் கோதண்டபாணி காத்திருந்தான். அவள் சாமி மாறியது அவனுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் வாராவாரம் கொண்டுவந்து விடுவதும் அவன்தான், வழியில் பூ வாங்கித் தருவதும் அவன்தான்.

டிஷ்யூவை வாங்கிக் கழுத்து வேர்வையை நிதானமாகத் துடைத்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஜெபம் பண்ணச் சொன்ன, பண்றேன். பக்கத்து வூட்டுக்காரிய மன்னிக்கச் சொன்ன, பல்லக் கடிச்சிக்கினு மன்னிச்சிட்டேன். இது மட்டும் நடக்காதுக்கா."

"அப்ப அடுத்த வாரம் வராத."

"வருவேன். இதே பொட்டோட, மொத வரிசையில குந்துவேன். நான் இயேசுவ நம்பி வந்தவ. புருஷன் செத்து வந்தவ இல்ல."