ஓட்டமாருக்குக் கிடைத்த சாம்பல் உடுப்பு

புதுச் சாம்பல் நிறப் பட்டாள உடுப்பு பாதிப் பேருக்குத்தான் வந்திருந்தது. அதில் ஒன்று என் ஊர்க்காரன் ஓட்டமாருக்குப் போயிற்று. எனக்குப் பழைய நீல உடுப்பு. எந்தப் பரணில் கிடந்ததோ, பூச்சி உருண்டை நாற்றம். சட்டைக் கைகள் மணிக்கட்டுக்கு எட்டவேயில்லை.

1914, போர் தொடங்கி இரண்டாம் மாதம். ஜெர்மனியில் எங்கள் ஹெஸ்ஸன் பக்கத்தில், களத்தில் ஆள் குறைந்தால் அனுப்புவதற்கென்று புதிதாக ஒரு சேமப்படையை அவசர அவசரமாகத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். படை என்று பேர்தான். துப்பாக்கிக்கு வார் கிடையாது, கயிறு கட்டியிருந்தோம். சமையல் வண்டி இன்னும் வரவில்லை. மதுக்கடையின் நடனக் கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தோம். அதே கூடத்தில்தான் ஒரு காலத்தில் ஓட்டமார் என் மனைவி க்ளோட்டில்டோடு ஆடினான். அப்போது அவள் என் மனைவி இல்லை. அவர்களுக்குத்தான் கல்யாணம் என்று ஊரே பேசியது. அவன் நல்லவன், அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டார் வந்து பார்க்கலாம் என்றார்கள். அவன் பக்கத்தில் இந்தக் கோமாளிச் சட்டையோடு எப்படி நிற்பது? உடுப்பு கொடுக்கும் சார்ஜெண்டிடம் போய்க் கெஞ்சினேன்.

"பீப்பாய் செய்யுறவன் பீப்பாய் மாதிரியே இருக்கே. உன் அளவுக்கு எவன்டா தைப்பான்?" என்றார்.

க்ளோட்டில்ட் பிளம்ஸ் கேக் கொண்டுவந்தாள். ஓட்டமாரைப் பார்க்க யாரும் வரவில்லை. பாவம் என்று முதல் துண்டை அவனுக்கு வெட்டிக் கொடுத்தாள். எனக்கு இரண்டாவது துண்டு.

அப்போதுதான் அதிகாரி வந்து சொன்னார். ஏற்கெனவே களத்துக்குப் போன ஒரு சேமப்படையில் ஆள் குறைந்துவிட்டதாம். சாம்பல் உடுப்புக்காரர்கள் உடனே ரயில் ஏற வேண்டும். நீல உடுப்புக்காரர்கள் புது உடுப்பு வரும்வரை இங்கேயே இருக்கலாம்.

க்ளோட்டில்ட் என் குட்டைச் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நல்லவேளை உனக்குக் கிடைக்கல. கடவுளே, நல்லவேளை."

எனக்கு வயிறு குளிர்ந்தது. அவன் பார்க்கிறானா என்று அவள் தலைக்கு மேலாகத் தேடினேன். பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"குடுத்து வச்சவன்டா நீ, வெண்டலின்" என்றான். "வேணும்னா இப்ப மாத்திக்கலாமா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

க்ளோட்டில்ட் என்னை விட்டுவிட்டு அவனிடம் போனாள். அவன் கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. அதை மாட்டிவிட்டாள். மாட்டி முடித்த பிறகும் அவள் விரல்கள் அந்தக் கழுத்திலிருந்து இறங்கவில்லை.