சரிவில் நின்ற கார்

படக்காரர் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. பழைய கார்ப் படத்தைப் பார்த்து எந்த இடம் என்று சொன்னால், படத்துக்கு ஐம்பது என்று பேச்சு. புத்தகம் அச்சாகி வந்ததும் மொத்தமாகத் தீர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். புத்தகம்தான் வந்தபாடில்லை. கிடங்கில் மூட்டை இறக்கி முடித்த கையோடு, முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டு மாடிப்படியை ஏறுவேன். "அடுத்த வாரம், பெரியவரே" என்பார். அவருடைய அடுத்த வாரம் கானல்நீர் மாதிரி. நடக்க நடக்கத் தள்ளிப் போகும்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அவருக்குப் பழைய கார்ப் படங்கள் சேர்க்கிற பைத்தியம். எடைக்குப் போட்ட ஆல்பங்களைத் தேடித் தேடி வாங்கி, எந்த வருடத்து வண்டி, மூடிப்போன எந்தக் கம்பெனி வாசலில் எடுத்தது என்று கண்டுபிடித்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பார். ஒருநாள் அவர் வீட்டுக்கு இரும்பு பீரோவைச் சுமந்துகொண்டு போன நான், மேஜையில் கிடந்த படத்தைப் பார்த்து, "இந்த வாசப்படி எனக்குத் தெரியும் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்குப் பிடித்துக்கொண்டார். கார்களை முன்பக்கத்திலிருந்து காட்டினால் எனக்குப் பாதி அடையாளம் தெரியாது. வாலிப வயதில் கார்களைத் தள்ளிப் பிழைத்தவன் நான், பார்த்ததெல்லாம் பின்பக்கம்தான். அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. வாசலுக்குமேல் ஆள் உயரப் பலகை இருந்தது. படிக்கத் தெரியாது. நாற்பது தாண்டியபிறகு கிடங்குச் சங்கத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டு, முதல் வேலையாக அந்தப் பலகையைப் படிக்கலாம் என்று போனேன். பலகையும் இல்லை, கடையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மருந்துக் கம்பெனி நின்றது. எங்களுக்கு அது சரிவுக்கடை. தரை உயரம், வாசலிலிருந்து தெருவரைக்கும் சிமெண்டுச் சரிவு. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும் என்று மேனேஜர் கார்களை அந்தச் சரிவில் நிறுத்தித்தான் படம் எடுக்கச் சொல்வார். முகப்பு கடையைப் பார்த்திருக்கும், பின்பக்கம் தெருவை. காட்சிக்கு நிற்கிற வண்டியின் ஹேண்ட் பிரேக் என்றைக்கும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தால் படத்தில் விழும், வாங்க வருகிறவன் சந்தேகப்படுவான். ஆகவே கல்லுக்குப் பதில் நான். "டேய் முட்டு, போடா பின்னால" என்பார் மேனேஜர். என் பெயரே அங்கே முட்டு. குந்தி உட்கார்ந்து, தோளை டிக்கியில் கொடுத்து, ஒரு கையால் மட்கார்டு விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். கடை வாசலில் நிற்கிற காமிராக்காரன் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. விட்டால் கார் நடுங்கும்.

இந்தக் கதையெல்லாம் என் வீட்டுக்காரிக்கு மனப்பாடம், நம்பிக்கை மட்டும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே கடை மூடிவிட்டது. "கார் கம்பெனில இருந்தேன், கார் கம்பெனில இருந்தேன்னு காது புளிச்சுப் போச்சு. ஒரு துண்டுப் படம் உண்டா? நீ மூட்டையோட பொறந்து மூட்டையோட வளந்தவன்" என்பாள். வாலிப வயதில் என்னை ஒருவரும் படம் எடுத்ததில்லை.

கடைசியாக ஒரு படம் வந்தது. முகப்பெல்லாம் பளபளக்கிற கறுப்புக் கார், பின்னால் வெறும் வானம். கீழ்ப்பக்கம் யாரோ வெட்டியிருந்தார்கள். சக்கரம் பாதிதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. படக்காரர் பென்சிலை எடுத்துவிட்டார். "இதுக்கு நீங்க வேண்டாம் பெரியவரே. இந்த மாடல வித்தது மணிக்கூண்டுக் கம்பெனிதான்." நான் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பின் மட்கார்டின் விளிம்பில் நாலு விரல். அதில் நடுவிரல் கோணல். கார்க் கதவில் நசுங்கி, கட்டுப் போட நாதியில்லாமல் கோணலாகவே கூடிப்போன விரல். அது இப்போது பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சார், இது நான்."

குனிந்து பார்த்தார். "அது கறை."

"கறைக்கு நகம் இருக்குமா சார்? இது சரிவுக்கடை. மணிக்கூண்டுக் கம்பெனி வாசல் சமதரை. அங்க எவன் எதுக்குப் பின்னால குந்தப் போறான்?"

"போன மாசமும் ஒரு படத்தச் சரிவுக்கடைன்னு சாதிச்சீங்க. கடைசியில காமிராவச் சாய்ச்சுப் பிடிச்சு எடுத்தது. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அது என் தப்புத்தான். ஒரு தடவை தடுக்கியவனை நொண்டி என்று எழுதிவைப்பார்கள்போல.

"சரி, உங்க கடைக்குப் பேர் என்ன? சொல்லுங்க, போட்டுடறேன். பேரில்லாத கடையப் புத்தகத்துல எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

எத்தனை வருடம் அந்தப் பலகைக்குக் கீழே நடந்தேன்! அண்ணாந்து பார்த்தால் ஏதோ சுழியும் கோடும். யாரிடமாவது ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்கத் தெரியாதது தெரிந்துவிடும் என்று வெட்கம். என்மேலேயே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"பேர் என்னவோ போட்டுக்குங்க சார். படத்த மட்டும் ஒருநாள் குடுங்க. வீட்டுக்காரிகிட்ட காட்டிட்டுத் தந்துடறேன்."

"ஒத்தப் பிரதிங்க. மடிஞ்சுட்டா போச்சு. புத்தகம் வரட்டும், ஒண்ணு சும்மாவே தர்றேன். பெரிசா, தெளிவா இருக்கும். ஆசை தீரக் காட்டுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "முகம் தெரியுதா?" என்றாள்.

"விரல்."

"விரலா!" சிரித்தவள் சிரிப்பை நிறுத்தி, ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக் கோணல் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி, கொண்டா. இது எதுல அடிபட்டுச்சுன்னு இன்னிவரைக்கும் நீ மாத்தி மாத்தித்தான் சொல்லியிருக்கே." அப்புறம் அவளே வாரத்துக்கு வாரம் விசாரிக்க ஆரம்பித்தாள். பணத்தைக் கேட்கவில்லை. "படம் வந்துச்சா?" என்றுதான் கேட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் படக்காரரே கிடங்கு வாசலுக்கு வந்து நின்றார். கையில் புத்தகம், புத்தகத்துக்குள் உறை. "எண்ணிப் பாத்துக்குங்க பெரியவரே. கடைசிப் படத்துக்கும் சேத்து." எண்ணினேன். ஒரு காசு குறையவில்லை. பாக்கி தீர்ந்தது. குறைத்திருந்தால் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம். மூட்டைத் தூசி ஒட்டாமல் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டில் விளக்கடியில் விரித்தோம். மகளின் பழைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கம் பக்கமாகத் தள்ளினேன். கறுப்புக் கார் வந்தது. முழுப் பக்கத்துக்கு, கண்ணைப் பறிக்கிற மாதிரி. கீழே 'மணிக்கூண்டுக் கம்பெனி வாசலில்' என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். படிக்க வந்து என்ன புண்ணியம்? மட்கார்டைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கீறல் இல்லை, புள்ளி இல்லை, நகம் இல்லை. கறையெல்லாம் துடைத்துச் சுத்தமாகப் போட்டிருப்பதாகக் கிடங்கு வாசலில் அவர் சந்தோஷமாகச் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வஞ்சகமில்லாத மனுஷன். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

"எங்க?" என்றாள்.

நான் புத்தகத்தை விளக்குக்கு இன்னும் கிட்டே இழுத்தேன்.

"எங்கய்யா, காட்டு."

மட்கார்டு விளிம்பில் அந்த இடத்தைத் தேடி, நாலு விரலையும் மடக்கி வைத்தேன். கோணல் விரல் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் காகிதத்தோடு முகத்தை ஒட்டிக் குனிந்தாள்.

"கைய எடேன், மறைக்குது."

எடுக்கவில்லை. தாளுக்கு அடியில் சிமெண்டுச் சரிவு இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி முழுக் கனத்தோடு என் விரலில் சாய்ந்திருந்தது.